சுவிஸ் குடிமகனை மணந்தவர்கள் பி அனுமதி முதல் கடவுச்சீட்டு வரை செய்யும் தவறுகள்

சுவிஸ் ஆணை மணந்த வெளிநாட்டுப் பெண்ணுக்குத் திருமண நாளிலேயே குடியுரிமை கிடைத்த காலம் 1991ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. 1992 முதல் எவருக்கும் திருமணத்தால் கடவுச்சீட்டு தானாக வருவதில்லை. முதலில் பி வதிவிட அனுமதி, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நிலையான வதிவிடத்துக்கான சி அனுமதி, உரிய காலம் கனிந்ததும் இலகுபடுத்தப்பட்ட குடியுரிமை என்று மூன்று கட்டங்கள் உண்டு. பி, சி இரண்டையும் மாநிலத்தின் குடிவரவு அலுவலகம் பார்க்கிறது. இலகு குடியுரிமையை முடிவு செய்வது பேர்னில் உள்ள குடிபெயர்வுக்கான அரச செயலகம், அதாவது செம். ஒன்றுக்கான விதியை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்ப்பதால்தான் பல விண்ணப்பங்கள் சிக்குகின்றன.

துணைவர் எப்போது சுவிஸ் ஆனார்?

தமிழ்க் குடும்பங்களில் அதிகம் அடிபடும் விதி இதுதான். கணவர் சி அனுமதியோடு இருக்கும்போது ஊரில் பதிவுத் திருமணம் நடக்கிறது. மனைவி சுவிஸ் வந்து சேர்கிறார். சில ஆண்டுகள் கழித்துக் கணவர் வழமையான முறையில் குடியுரிமை பெறுகிறார். "என் கணவர் சுவிஸ், நான் வந்து ஐந்து வருடமாகிவிட்டது" என்று மனைவி இலகு முறையில் விண்ணப்பிக்கிறார். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

காரணம், 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள குடியுரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு. திருமணத்தின்போதே துணைவர் சுவிஸ் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். திருமணத்துக்குப் பிறகு அவர் குடியுரிமை பெற்றிருந்தால், சுவிஸ் பெற்றோர் வழியாக இலகு முறையில் பெற்றதாகவோ இழந்த குடியுரிமையை மீளப் பெற்றதாகவோ இருந்தால் மட்டுமே அது செல்லும். மற்றவர்களுக்கு வழமையான பாதைதான்: மொத்தம் 10 ஆண்டு வசிப்பு, கையில் சி அனுமதி, அத்துடன் மாநிலமும் ஊராட்சியும் கேட்கும் நிபந்தனைகள். குடியுரிமை முடிவை எதிர்பார்த்திருக்கும் ஒருவர் திருமண நாள் குறிக்கும் முன் இதை யோசிக்க வேண்டும். சில மாத முன்பின், மனைவிக்குப் பல ஆண்டு வித்தியாசமாகிவிடும்.

இங்கே திருமணம் என்பது சட்டப்படியான பதிவு. கோயிலில் தாலி கட்டிய நாள் கணக்கில் வராது. சுவிஸில் பதிவுத் திருமணத்துக்கு முன்னால் சமயச் சடங்கை நடத்தவும் சட்டம் இடம்தருவதில்லை. ஆனால் இலங்கையிலோ இந்தியாவிலோ முன்பே பதிவு செய்துவிட்டு, அதைச் சொல்லாமல் இங்கே "முதல்" பதிவு செய்வது பொய்த் தகவல். பின்னாளில் அது தெரியவந்தால் குடியுரிமையே பறிபோகலாம்.

ஆண்டுகளை எண்ணும்போது

இலகு முறைக்கு வேண்டியவை இரண்டு: மூன்று ஆண்டு உண்மையான இல்வாழ்க்கை, சுவிஸில் மொத்தம் ஐந்து ஆண்டு வசிப்பு. விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டு முழுவதும் இங்கே இருந்திருக்க வேண்டும். பி, சி அனுமதியில் இருந்த காலம் முழுதாகச் சேரும். தற்காலிக அனுமதியான எஃப் பாதியாகச் சேரும். புகலிட விண்ணப்பதாரருக்கான என் அட்டையும் குறுகிய கால எல் அனுமதியும் சேரா. திருமணத்துக்கு முன் மாணவராகப் பி அனுமதியில் இருந்த ஆண்டுகள் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதேபோல, இலகு முறைக்குச் சி அனுமதி தேவையே இல்லை. சி கிடைக்கட்டும் என்று காத்திருப்பவர்கள் காலத்தை வீணாக்குகிறார்கள்.

ஊராட்சியில் வசிப்பிடப் பதிவை நீக்கிக்கொண்டு வெளிநாடு போனாலோ, ஆறு மாதத்துக்கு மேல் உண்மையில் வெளியே வாழ்ந்தாலோ வசிப்பு முறிகிறது. அறிவிக்காமல் போனால் ஆறு மாதத்தில் பி, சி அனுமதிகளே காலாவதியாகும். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள நீண்ட நாள் ஊரில் தங்கவேண்டி வந்தால், சி வைத்திருப்பவர் போவதற்கு முன்பே கேட்டு அதை நான்கு ஆண்டுவரை காத்துவைக்கலாம். பி அனுமதிக்கு அந்த வசதி கிடையாது. நடுவில் விடுமுறைபோலச் சில நாள் வந்து தலைகாட்டிப் போவதால் கணக்கு புதிதாகத் தொடங்காது.

பி அனுமதியைப் புதுப்பிக்க, முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து 14 நாள் முன்புவரை விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரே வீடு

சுவிஸ் குடிமகனின் துணைவருக்கு வதிவிட உரிமை, இருவரும் சேர்ந்து வாழும்வரைதான். வேலை போன்ற வலுவான காரணத்தால் தனித்தனி முகவரி வைக்கலாம். ஆனால் குடும்ப வாழ்க்கை தொடர்கிறது என்பதைக் காட்டியாக வேண்டும். கடிதப் போக்குவரத்து வசதிக்காக வேறு முகவரியில் பதிவு செய்வது மிக ஆபத்தானது. பின்னாளில் அந்தப் பதிவே பிரிவுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படும்.

மணமுறிவு ஏற்பட்டால், சுவிஸில் சேர்ந்து வாழ்ந்த காலம் குறைந்தது மூன்று ஆண்டு இருந்து, ஒருங்கிணைவு நிபந்தனைகளும் நிறைவேறியிருந்தால் அனுமதி தொடரும். இந்த மூன்று ஆண்டு திருமணத் தேதியிலிருந்து எண்ணப்படுவதில்லை, சுவிஸில் ஒரே வீட்டில் வாழத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுகிறது. சில வாரம் குறைந்தாலும் நீதிமன்றங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆனால் வீட்டில் வன்முறை இருந்தால் இந்த மூன்று ஆண்டுக்காகப் பொறுத்திருக்க வேண்டியதில்லை. வன்முறைக்கு ஆளானவருக்கு, சேர்ந்து வாழ்ந்த காலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அனுமதி கேட்கும் உரிமை உண்டு. 2025 ஜனவரி 1 முதல் அந்தப் பாதுகாப்பு விரிவாக்கப்பட்டிருக்கிறது. மருத்துவர் அறிக்கை, காவல்துறைப் பதிவு, பாதிக்கப்பட்டோர் உதவி மையத்தின் உறுதிப்படுத்தல் ஆகியவை சான்றாகும். "போலீசுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று பயமுறுத்துவதை நம்பி எந்தப் பெண்ணும் அடி வாங்கிக்கொண்டிருக்கக் கூடாது. முதல் காயத்திலேயே மருத்துவரிடம் போய் எழுத்தில் பதிவு வாங்கிவிட வேண்டும்.

மொழிச் சான்றும் கடன் பதிவும்

மொழித் திறன் ஏ1, ஏ2, பி1 என்று மேலேறும் மட்டங்களில் அளக்கப்படுகிறது. சி அனுமதிக்கு வசிக்கும் இடத்தின் மொழியில் பேச்சில் ஏ2, எழுத்தில் ஏ1 போதும். குடியுரிமைக்குப் பேச்சில் பி1, எழுத்தில் ஏ2. முதலில் குறைந்த மட்டத் தேர்வு, பிறகு மறுபடி மேல்மட்டத் தேர்வு என்று இரண்டு முறை பணம் கட்டுவதைவிட, சுவிஸின் மொழித் தேர்வான ஃபீடேயில் நேராக ஏ2–பி1 மட்டத்தை எடுப்பது நல்லது. வகுப்புக்குப் போனதற்கான சான்றிதழ் மட்டும் செல்லாது, அங்கீகரிக்கப்பட்ட தேர்வுச் சான்றுதான் வேண்டும்.

விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குள்ளோ, விசாரணை நடக்கும்போதோ சோசியல், அதாவது அரச சமூக உதவிப் பணம் பெற்றிருந்தால், அதை முழுமையாகத் திருப்பிக் கட்டியிருக்க வேண்டும். நோய், உடற்குறை, கவனிப்புப் பொறுப்பு போன்ற காரணம் இருந்தால் விலக்கு உண்டு. வேலையின்மைக் காப்புறுதியும் மருத்துவக் காப்புறுதிச் சலுகையும் சோசியல் அல்ல. இந்தப் பயத்தில் உரிய சலுகையை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கடன் வசூல் பதிவு, அதாவது பெட்ரைபுங், இதைவிட நுட்பமானது. மறந்துபோன ஒரு மருத்துவக் காப்புறுதிப் பில்லே விண்ணப்பத்தைச் சிக்கவைக்கப் போதும். காசைக் கட்டிய பிறகும் பதிவு ஐந்து ஆண்டு தெரியும். கட்டும்போதே, பதிவை மீளப்பெறும்படி கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்டு, மீளப்பெற்றதை உறுதி செய்துகொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் முன் நீங்களே பதிவேட்டுப் பிரதியை எடுத்துப் பாருங்கள்.

கடைசிக் கையெழுத்து

விசாரணையின் முடிவில் இருவரும் சேர்ந்து, தங்கள் மணவாழ்க்கை உறுதியாக இருக்கிறது, பிரியும் எண்ணம் இல்லை என்று ஓர் உறுதிமொழியில் ஒப்பமிடுகிறார்கள். பலர் இதை வெறும் படிவமாக நினைக்கிறார்கள். விண்ணப்பித்த நாளில் மட்டும் சேர்ந்திருந்தால் போதாது, குடியுரிமை வழங்கப்படும் நாளிலும் மணவாழ்க்கை நிலைத்திருக்க வேண்டும். குடியுரிமை கிடைத்து ஓரிரு ஆண்டுக்குள் பிரிந்தால், ஒப்பமிட்டபோதே உறவு ஆட்டம் கண்டிருந்தது என்று அதிகாரிகள் ஊகிப்பார்கள். பிறகு நடந்த எதிர்பாராத நிகழ்வுதான் காரணம் என்று காட்டும் பொறுப்பு உங்கள் மேல் விழும். எட்டு ஆண்டுவரை குடியுரிமையை ரத்துச் செய்யலாம், அதன் வழியாகப் பெற்ற பிள்ளைகளின் குடியுரிமையும் சேர்ந்து போகலாம். ஆகவே விசாரணை நடக்கும்போது பிரிவு வந்தால் செம்முக்கு உடனே அறிவிப்பதே பாதுகாப்பு.

குடியுரிமை கிடைத்ததும் கடவுச்சீட்டில் எழுதப்படும் ஊர், நீங்கள் வசிக்கும் ஊராக இருக்க வேண்டியதில்லை, துணைவரின் பூர்விக ஊராட்சியே உங்களுக்கும் வரும். சுவிஸ் 1992 முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. ஆனால் இந்தியா ஏற்பதில்லை. சுவிஸ் குடியுரிமை பெற்ற பிறகு இந்தியக் கடவுச்சீட்டில் பயணம் செய்வது குற்றம், அதை ஒப்படைத்துவிட்டுத்தான் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். இலங்கையர் இன்னொரு குடியுரிமை பெற்றால் இலங்கைக் குடியுரிமையை இழப்பார். அதை வைத்திருக்க விரும்பினால் இலங்கை அரசிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.