கிருஷ்ணகிரியில் மட்டும் சரியாகத் தெரியும் தேதி

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஏற்றுமதி செய்பவர் ஒருவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். கன்டெய்னர் புறப்படும் நாள் 05/06/2024 என்று காட்டியது. நமக்கு அது ஜூன் 5. அமெரிக்காவில் இருந்த வாடிக்கையாளருக்கு மே 6. "சரக்கு ஏன் இன்னும் கிளம்பவில்லை?" என்று அவரிடமிருந்து மெயில். மே முதல் வாரத்தில் இங்கே பெங்களூரா மாங்காய் மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்! நான் 25/06 போட்டுச் சோதித்திருந்தேன். 25-ஆவது மாதம் கிடையாது என்பதால் குழப்பம் கண்ணில் படவில்லை.

மாதத்தைப் பெயராக எழுதுங்கள்: 5 ஜூன் 2024. பார்ப்பவரின் மொழியிலேயே இதை எழுதித் தர ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் (Intl) என்ற வசதி இருக்கிறது. டேட்டாபேஸில் ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதும் ஐஎஸ்ஓ 8601 சர்வதேச முறைப்படி 2024-06-05 என்றே சேமியுங்கள்.

அதிலும் ஒரு பொறி உண்டு. நேரம் சேர்க்காமல் '2024-06-05' என்று மட்டும் கொடுத்து டேட் (Date) உருவாக்கினால், ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி, அதாவது உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் இங்கே அது ஜூன் 5 காலை 5:30, தேதி மாறாது. நியூயார்க்கிலோ ஜூன் 4 இரவு 8 மணி. நம் மேஜையில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் இந்தப் பிழை தலைகாட்டாது. பிறந்தநாள், லோடிங் தேதி போன்றவற்றுக்கு நேரமே தேவையில்லை. அவற்றை டேட் (Date) ஆக மாற்றாமல் வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்வதுதான் நல்லது.

அப்புறம், இந்திய நேரம் என்று சொல்ல, நேரத்துக்குப் பக்கத்தில் ஐஎஸ்டி என்று போடும் பழக்கம். அயர்லாந்திலும் இஸ்ரேலிலும்கூட அதே மூன்றெழுத்துதான். யுடிசி+5:30 என்று எழுதிவிடுங்கள். ஜெர்மனிக்கு +1 என்று கோடில் அடித்துவைப்பதும் வம்பு: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே +2. மாம்பழ சீசன் முழுக்க அதற்குள் அடங்கிவிடும், அதாவது நமக்கு வேலை இருக்கும் மாதங்களில்தான் ஒரு மணி நேரம் பிசகும். எண்ணுக்குப் பதில் பெர்லினின் டைம்ஸோன் பெயரைக் கொடுத்தால் பிரவுசரே கணக்குப் பார்த்துக்கொள்ளும்.

குரோமின் டெவலப்பர் டூல்ஸில் சென்சார்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் இடத்தை சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றி, பக்கத்தை ரீலோடு செய்து, அங்கிருப்பவருக்குத் தேதி எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். நான் அதைச் செய்தது அந்த மெயில் வந்த பிறகு.