ஃபியோகுரோமோசைட்டோமா: கத்தி வைப்பதற்கு முன்பே நேரும் தவறுகள்

சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி நான்கைந்து கிராம் எடைதான் இருக்கும். அதில் அரிதாக முளைக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி, அட்ரினலின், நார்அட்ரினலின் ஹார்மோன்களை நேரங்கெட்ட நேரத்தில் ரத்தத்தில் கொட்டுகிறது. முறையாகக் கண்டுபிடித்து அகற்றினால் பெரும்பாலானோர் குணமாகிவிடுகிறார்கள். அதனால்தான் இதில் நேரும் தவறுகள் மனதை இவ்வளவு வருத்துகின்றன.

முதல் தவறு, "பதற்றம்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுவது. காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண்ணின் முகம் வெளிறுகிறது. தலை பிளக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ரவிக்கை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. கால்மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். மருத்துவரிடம் போய் உட்காரும்போது ரத்த அழுத்தம் சரியாகவே இருக்கலாம். தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து திரும்பத் திரும்ப வந்தால் இந்தக் கட்டியை நினைத்துப் பார்த்தே ஆக வேண்டும். இதன் உடன்பிறப்பான, அட்ரீனலுக்கு வெளியே முளைக்கும் பாராகாங்லியோமா சிறுநீர்ப்பைச் சுவரில் வந்தால், சிறுநீர் கழிக்கும்போது இதே அவஸ்தை வரும். கூச்சப்பட்டு மறைக்காதீர்கள்.

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் அட்ரீனல் கட்டி தெரியவந்தால், உடனே ஊசி குத்தித் திசு எடுக்க அவசரப்படக் கூடாது. ஊசி பட்டதும் ஹார்மோன் வெள்ளமாகப் பாயலாம். முதலில் ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ, இந்த ஹார்மோன்கள் சிதைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரின் அளவைப் பார்க்க வேண்டும். ரத்தம் கொடுப்பதற்கு முன் இருபது, முப்பது நிமிடம் படுத்திருப்பது நல்லது. நடந்து வந்த கையோடு கொடுத்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளும் இப்படி ஏமாற்றும்.

என் கணக்கில் மிகக் கொடிய தவறு, மருந்தின் வரிசையை மாற்றுவதுதான். படபடப்பு என்றதும் ப்ரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பானை எழுதிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அட்ரினலின் சில ரத்தக் குழாய்களைச் சுருக்கும், சிலவற்றை விரிக்கும். விரிக்கும் வழியைப் பீட்டா தடுப்பான் அடைத்துவிட்டால் சுருக்கும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. ஆகவே டாக்ஸசோசின், பினாக்ஸிபென்சமைன் போன்ற ஆல்ஃபா தடுப்பான்தான் முதலில். பீட்டா தடுப்பான் தேவைப்பட்டால் அதற்குப் பிறகுதான். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடும் இவர்களுக்கு ஆகாது.

அறுவைக்கு முன் ஆல்ஃபா தடுப்பான் கொடுக்கும் இந்தத் தயாரிப்புக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். சுருங்கிக் கிடந்த குழாய்கள் விரியும்போது அவற்றை நிரப்பத் தண்ணீரும் உப்பும் தாராளமாகத் தருவார்கள். ரத்த அழுத்த நோயாளிக்கு உப்பா என்று வீட்டார் தடுத்துவிடுவது உண்டு. மருத்துவர் சொல்லியிருந்தால் தடுக்காதீர்கள். "நாளைக்கே எடுத்துவிடுங்கள்" என்று நெருக்கவும் வேண்டாம். 1926-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் அறுவை மருத்துவர் செசார் ரூவும், அமெரிக்காவின் ராச்செஸ்டரில் சார்லஸ் மேயோவும் இக்கட்டியை வெற்றிகரமாக அகற்றியபோது இந்த மருந்துகள் கிடையாது. இன்று அந்த ஆபத்தை யாரும் சுமக்கத் தேவையில்லை.

அறுவை அரங்கில், அறுவை மருத்துவரின் கருவி கட்டியை லேசாகத் தொட்டாலே திரையில் அழுத்தம் 200-ஐத் தாண்டலாம். மயக்க மருத்துவர் மருந்தைக் கூட்டுகிறார். கட்டியிலிருந்து வெளியேறும் சிரையைக் கட்டிய சில நிமிடங்களில் அதே எண் சரிந்து விழுகிறது. இதற்குப் பழகிய குழு இருக்கும் மருத்துவமனையைத் தேடிப் போங்கள். சிறிய கட்டியைப் பெரும்பாலும் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலமே எடுத்துவிடலாம். ஆனால் கட்டியின் உறை கிழிந்து செல்கள் வயிற்றுக்குள் சிந்தினால் அங்கங்கே மீண்டும் முளைக்கும். முடிந்த பின்னும் முதல் நாள் ரத்த அழுத்தத்தோடு சர்க்கரையும் தாழலாம் என்பதால் இரண்டையும் விடாமல் பார்க்க வேண்டும்.

ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது பரம்பரை மரபணு மாற்றத்தால் வருகிறது. எனவே மரபணுப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மாற்றம் இருந்தால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். நோயாளிக்கோ, தழும்பு ஆறி மாத்திரைகள் நின்ற பிறகும் ஆண்டுக்கொரு முறை அதே மெட்டாநெஃப்ரின் பரிசோதனை, குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு.