எல்லை தாண்டிய திவால் வழக்குகளில் கலைப்பாளர் நியமனம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல நாடுகளில் சொத்தும் கடனும் உள்ள ஒரு நிறுவனம் நொடித்துப்போகும்போது, ஏதாவது ஒரு நீதிமன்றத்தில் அதன் சொத்துகளை விற்றுக் கடன்களைத் தீர்க்கும் கலைப்பாளரின் நியமன ஆணையைப் பெற்றுவிட்டால் போதும் என்று கடன் கொடுத்தவர்கள் (கடனாளர்கள்) நம்பிவிடுவதே முதல் தவறு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருப்பதுபோன்ற தனி ஏற்பாடு இல்லாத இடங்களில், அந்த ஆணையை வைத்துக்கொண்டு வேறொரு நாட்டின் வங்கிக் கணக்கைத் தொட முடியாது. அந்நாட்டு நீதிமன்றம் அதை அங்கீகரிக்க வேண்டும்.

ஜெட் ஏர்வேஸ் வழக்கு இதற்கு நல்ல சான்று. 2019 மே மாதம், இரண்டு ஐரோப்பியக் கடனாளர்களின் மனுவின் பேரில், நெதர்லாந்து நீதிமன்றம் அந்நிறுவனத்தைத் திவாலானதாக அறிவித்து நிர்வாகியை நியமித்தது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்டிருந்த போயிங் 777 விமானம் ஒன்று அங்கிருந்த முக்கியச் சொத்து. ஜூன் 20 அன்று ஸ்டேட் வங்கியின் மனுவை ஏற்ற மும்பை தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம், நெதர்லாந்து நடவடிக்கையை அங்கீகரிக்க மறுத்தது. நமது திவால் சட்டத்தின் 234, 235 ஆகிய பிரிவுகள் வெளிநாடுகளுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களை நம்பியே நிற்கின்றன. நெதர்லாந்துடன் அப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகே, செப்டம்பர் 26 அன்று இரு தரப்பு நிர்வாகிகளின் ஒத்துழைப்பு உடன்பாடு ஏற்கப்பட்டது. அதன்படி இந்திய நடவடிக்கையே முதன்மையானது. நெதர்லாந்து நிர்வாகி கடனாளர் குழுவில் வாக்கின்றிப் பார்வையாளராக அமரலாம். இந்த உடன்பாட்டை முதல் வாரத்திலேயே பேசியிருந்தால் நான்கு மாதங்கள் கரைந்திருக்காது என்பது என் கருத்து.

நிறுவனம் பதிவான ஊரையே அதன் நலன்களின் மையமாக, அதாவது நிர்வாகம் உண்மையில் நடக்கும் இடமாக, எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. அமெரிக்க முதலீட்டு வங்கியான பேர் ஸ்டேர்ன்ஸ் குழுமத்தின் இரண்டு முதலீட்டு நிதியங்கள் கேமன் தீவுகளில் பதிவானவை என்பதால் 2007-ல் அங்கேயே தற்காலிகக் கலைப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்கள் நியூயார்க் திவால் நீதிமன்றத்தில் அங்கீகாரம் கோரியபோது, எதிர்ப்பு எதுவும் இல்லாத நிலையிலும் நீதிபதி மறுத்துவிட்டார். ஊழியர்களோ மேலாளர்களோ கேமனில் இல்லை. நிர்வாகமும் கணக்குப் புத்தகங்களும் சொத்துகளும் அமெரிக்காவில் இருந்தன. 2008-ல் மேல்முறையீட்டிலும் அதே முடிவுதான். ஆகவே மனு போடுமுன் இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்புகள், அலுவலகக் குத்தகைப் பத்திரம், சம்பளப் பட்டியல், கடனாளர்களுடன் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைத் திரட்டி, முடிவுகள் உண்மையில் எங்கே எடுக்கப்பட்டன என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதிகம் பேசப்படாத தவறு ஒன்றும் உண்டு. நியமித்த நாட்டில் இல்லாத அதிகாரத்தை வேறு நாட்டில் கேட்பது. சிங்குலாரிஸ் நிறுவனத்தின் கேமன் கலைப்பாளர்கள், தணிக்கையாளர்களின் பணிக் குறிப்புகளைப் பெறுவதற்காகப் பெர்முடா நீதிமன்றத்தை அணுகினார்கள். கேமன் சட்டப்படியோ நிறுவனத்துக்குச் சொந்தமான ஆவணங்களை மட்டுமே கேட்க முடியும். வெளிநாட்டுக் கலைப்பாளருக்கு உதவும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட, பெர்முடாவின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில், சொந்த ஊரில் செய்ய முடியாததைச் செய்துகொள்ள அந்த உதவி பயன்படாது என்று 2014-ல் தீர்ப்பளித்தது. எனவே எந்த ஆவணம், எந்தச் சொத்து, யாரிடம் விசாரணை என்பதை முன்கூட்டியே பட்டியலிட்டு, அவற்றுக்கெல்லாம் இடம்தரும் சட்டமுள்ள நாட்டில் நியமனம் கோருவதே சரி.

இரு நாட்டு நடவடிக்கைகள் ஒரே நேரத்தில் ஓடுவதைத் தவிர்க்கவே முடியாத வழக்குகளும் வரும். 1991 டிசம்பரில் மாக்ஸ்வெல் கம்யூனிகேஷன் நிறுவனம் லண்டனிலும் நியூயார்க்கிலும் ஒருசேர நீதிமன்றம் ஏறியபோது, இரு தரப்பு அதிகாரிகளும் எழுத்தில் உடன்பட்டு, இரு நீதிமன்றங்களின் ஒப்புதலையும் பெற்றார்கள். அதுபோன்ற உடன்பாட்டில் எந்தச் சொத்தை யார் விற்பது, கடனாளர் தன் கோரிக்கையை எங்கே பதிவது, கலைப்பாளர்களின் கட்டணத்தை எந்தத் தொகையிலிருந்து கொடுப்பது ஆகிய மூன்றும் விட்டுப்போகாமல் இருக்க வேண்டும்.