வொர்க்ஹவுஸ் பாட்டனைத் தேடுகிறவர்கள் தவறும் இடங்கள்

என் கணவர் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதிக்காரர். தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு வயல் வேலை பார்த்த குடும்பம். நிலம் இல்லை, அதனால் பத்திரம் இல்லை, உயில் இல்லை. பிழைக்க வழியற்றுப் போனால் இப்படிப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த இடம் வொர்க்ஹவுஸ்: பொதுப் பணத்தில் சோறும் படுக்கையும் தந்து வேலை வாங்கிய ஏழை விடுதி. மகளுக்குப் பள்ளியில் வம்ச மரம் வரையச் சொன்னபோது என் பக்கத்துக்கு அப்பத்தாவிடம் ஒரு ஃபோன் போட்டதில் ஐந்து தலைமுறை வந்துவிட்டது. அவர் பக்கத்துக்கு நான்தான் உட்கார்ந்தேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வேறு யாரோ ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை அக்கறையாக அடுக்கி வைத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். ஒரே பாரிஷில் (திருநெல்வேலிப் பக்கம் சேகரம் என்பார்களே, அது) ஒரே குடும்பப் பெயரில் இரண்டு வில்லியம்கள், இரண்டு வருட இடைவெளியில். தாத்தா பெயரை எல்லாப் பேரனுக்கும் வைக்கிற வழக்கம் அங்கேயும் உண்டு. வயது பொருந்திய வில்லியமைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டேன். அடக்கப் பதிவேட்டைத் திறந்திருந்தால், அவன் நாலு மாதக் குழந்தையாகவே போய்ச் சேர்ந்தது அன்றைக்கே தெரிந்திருக்கும். பிறப்பு கிடைத்த சந்தோஷத்தில் இறப்பைப் பார்க்காமல் விடுவது இந்த வேலையில் எல்லாரும் செய்கிற தவறு. பிள்ளைகள் கொத்துக் கொத்தாகச் செத்த காலம் அது. செத்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பதும் சகஜம். பொருந்துகிறவர்களை முதலில் ஒவ்வொருவராகக் கழிக்க வேண்டும். மிஞ்சுகிறவர்தான் நம் ஆள்.

இரண்டாவது பாடம் பிடிபட எனக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆனது. ஏழைகள் தங்களைப் பற்றித் தாங்களே எதையும் எழுதிவைக்கவில்லை. அவர்களால் யாருக்காவது செலவு வந்தால் அந்த ஆள் எழுதினார். எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் இதை எழுதியது யார், யார் பணத்துக்குக் கணக்கு என்று முதலில் கேட்க வேண்டும். கேட்காமல் படித்ததுதான் என் பாதித் தவறுகளுக்குக் காரணம்.

உதாரணத்துக்குப் பெயர். கைநாட்டுக்காரர் வாயால் சொல்ல, எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். லண்டன் ஏழைகள் பேச்சில் 'ஹ' வராது. ஹாரிஸ் குடும்பம் ஆரிஸ் ஆகி அகர வரிசையில் வேறு பக்கம் போயிருக்கும். தூத்துக்குடி டூட்டிகொரின் ஆன கதைதானே? நமக்கு இது புதிதில்லை. 'எங்கள் பெயரை அப்படி எழுதவே மாட்டோம்' என்று ஒரே எழுத்துக்கூட்டலில் தேடுகிறவர்கள் பாதித் தாள்களைத் தவறவிடுவார்கள். இணையத்தில் கிடைக்கும் அட்டவணை அந்தக் கையெழுத்தைப் படித்து இன்னொருவர் தட்டச்சு செய்தது. தவறின் மேல் தவறு. மூலப் பக்கத்தின் படத்தைப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள். அடுத்தவர் இணையத்தில் ஏற்றி வைத்த வம்ச மரத்தை அப்படியே நகலெடுப்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. என்னுடைய தப்பு மரத்தையே நாலு பேர் நகலெடுத்திருக்கிறார்கள்.

சென்சஸில் வயதை நம்பி ஏமாறுவது அடுத்தது. பத்து வருடத்துக்கு ஒரு முறை எடுத்த கணக்கில் 1841 தனி ரகம். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்கு இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். சில கணக்கெடுப்பாளர்கள் அதையும் மதிக்காமல் சரியான வயதையே எழுதினார்கள். அந்த வருடம் உறவுமுறை கேட்கப்படவில்லை. ஒரு வீட்டில் ஓர் ஆண், ஒரு பெண், மூன்று பிள்ளைகள் என்றால் புருஷன் பெண்டாட்டி என்று நாமே முடிச்சுப் போட்டுவிடுகிறோம். அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம். உறவும் பிறந்த ஊரும் 1851-இலிருந்துதான் முறையாக வருகின்றன. அந்த ஊரும் கணக்குக்குக் கணக்கு மாறும். மூன்று கணக்குகளையாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் 1901 வரை நாம் பார்ப்பது வீட்டுக்காரர் நிரப்பிய படிவமும் அல்ல, கணக்கெடுப்பாளர் தன் புத்தகத்தில் பெயர்த்து எழுதிய நகல்.

ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாக எழுதிக்கொள்வதும் பரவலான தவறு. மூன்று நான்கு பிள்ளைகளுக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பங்கள் உண்டு. அவர்களை ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள் என்று எழுதிவைத்தவர்களும் உண்டு. 1813 முதல் அச்சிட்ட படிவத்தில் தகப்பன் தொழிலும் குடியிருப்பும் இருக்கும். அதற்கு முந்திய பதிவேடுகளில் இரண்டு வரி கிடைத்தாலே பெரிது.

அரசாங்கப் பிறப்புப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. அதனால் அதற்குப் பின் பிறந்த எல்லாருக்கும் சான்றிதழ் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெற்றோர் தாங்களே போய்ப் பதிய வேண்டும், தவறினால் அபராதம் என்று சட்டம் இறுகியது 1875-இல். அதற்குப் பிறகும் விட்டுப்போனவர்கள் உண்டு. 1889-இல் பிறந்த சார்லி சாப்ளினுக்குப் பிறப்புச் சான்றிதழே இதுவரை கிடைக்கவில்லை. ஆனால் 1896-இல் அவர் தாயோடும் அண்ணனோடும் லண்டன் வொர்க்ஹவுஸில் சேர்ந்ததற்கும், அங்கிருந்து ஹான்வெல் பள்ளிக்கு அனுப்பப்பட்டதற்கும் பதிவு இருக்கிறது. காரணம் தெரிகிறதல்லவா? அவர் பிறந்ததில் யாருக்கும் செலவில்லை. சோறு போட்டதில் இருந்தது.

அந்த வொர்க்ஹவுஸைப் பற்றித்தான் அதிகத் தவறு. 1834-இல் வந்த ஏழைகள் உதவிச் சட்டத்துக்குப் பிறகு பாரிஷ்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து யூனியன் ஆக்கினார்கள். நம் பஞ்சாயத்து யூனியன் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒவ்வொரு யூனியனுக்கும் ஒரு வொர்க்ஹவுஸ், அதை நடத்த ஒரு கார்டியன் குழு. தாத்தா இருந்த கவுண்டியின் (நம் மாவட்டம் போல) ஆவணக் காப்பகத்திலேயே தாள் இருக்கும் என்று நினைப்பது தவறு. யூனியன் எல்லை கவுண்டி எல்லையைத் தாண்டிப் போகும். 1834-க்கு முந்திய உதவிக் கணக்கு வேண்டுமானால் பாரிஷ் தன் தாள்களைப் போட்டு வைத்த பெட்டியில், ஏழை மேற்பார்வையாளர் கணக்குகளில் தேட வேண்டும்.

இன்னொன்று, அவர் வாழ்ந்த ஊரில் மட்டும் தேடுவது. உதவி கேட்டால், 'உன் சொந்த பாரிஷ் எது?' என்பதுதான் முதல் கேள்வி; செலவு அந்த பாரிஷுடையது. பெண்ணுக்குச் சொந்த பாரிஷ் புருஷனுடையது. புருஷன் செத்துப் பிள்ளைகளோடு நிற்கிற விதவையை, அவள் கண்ணாலேயே பார்த்திராத ஊருக்கு வண்டியேற்றி அனுப்பலாம், அனுப்பவும் செய்தார்கள். கொடுமைதான். ஆனால் அனுப்பும் முன் நீதிபதிகள் முன்னால் எடுத்த விசாரணைத் தாள் கிடைத்தால் அது புதையல்: எங்கே பிறந்தார், யாரிடம் வருடக் கூலிக்கு நின்றார், எங்கே கல்யாணம், பிள்ளைகள் எத்தனை என்று எல்லாம் அதில் வரும். ஓர் ஏழை தன் கதையைச் சொல்லி, அதை ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்ட அபூர்வமான தாள்.

வொர்க்ஹவுஸில் பிறந்தார் என்றால் அங்கேயே வளர்ந்தார் என்று அர்த்தமில்லை. கல்யாணமாகாத பெண் பிரசவத்துக்குப் போக வேறு இடம் இல்லை. நோயாளிக்கும் கிழவருக்கும் அதுதான் ஆஸ்பத்திரி. உதவி வாங்கியவர்களில் பெரும்பாலோர் உள்ளே போகாமல் வீட்டிலிருந்தே ரொட்டியோ சில்லறையோ வாங்கியவர்கள். அவர்களை கார்டியன் குழுவின் கணக்குகளில்தான் பார்க்க முடியும். சென்சஸில் வொர்க்ஹவுஸ் வந்தால் ஆண், பெண், பிள்ளைகள் வேறு வேறு பக்கங்களில் இருப்பார்கள். உறவுமுறைக் கட்டத்தில் 'உள்ளிருப்பவர்' என்று மட்டும் இருக்கும். சில இடங்களில் பெயருக்குப் பதில் முதலெழுத்துகள். 1904-க்குப் பிறகு, குழந்தைக்குக் களங்கம் வரக்கூடாதென்று பிறப்புச் சான்றிதழில் சாதாரண முகவரி போடத் தொடங்கினார்கள். லிவர்பூலில் 144ஏ, பிரவுன்லோ ஹில் என்று பார்த்தால் அது வீடல்ல, வொர்க்ஹவுஸ்.

தகப்பன் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும்; இருபது வருடம் கழித்துக் கல்யாணச் சான்றிதழில் திடீரென்று ஒரு தகப்பன் முளைப்பார். பாதிரியார் முன் வெட்கப்பட்டு, தாத்தா பெயரையோ கற்பனைப் பெயரையோ சொல்லியிருப்பார் மாப்பிள்ளை. குழந்தையின் நடுப்பெயர் ஒரு குடும்பப் பெயர் போலத் தொனித்தால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள்; தாய் விட்டுப்போன துப்பாக இருக்கலாம். பெயரையே மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஆப்பிரிக்கா போய் லிவிங்ஸ்டனைத் தேடிப்பிடித்த ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி, வேல்ஸின் செயின்ட் ஆசஃப் வொர்க்ஹவுஸில் ஜான் ரோலண்ட்ஸாக வளர்ந்தவர்.

பட்டாளத்தில் சேர்ந்து மதராஸ் வந்துவிட்ட பாட்டனைத் தேடும் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை: இங்கிலாந்து பாரிஷ்களில் அலைவதற்கு முன் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள மதராஸ் மாகாணத் திருச்சபைப் பதிவுகளைப் பாருங்கள்.

கடைசியில் சரியான வில்லியம் கிடைத்தது வொர்க்ஹவுஸ் வரவு-செலவுப் புத்தகத்தில்தான். வரவும் செலவும் இங்கே ஆட்கள். உள்ளே வந்த தேதிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம்: வந்தபின் முதல் வேளைச் சாப்பாடு எது. பிறகு தொழில், மதம், உணவு வகுப்பு, உதவி கேட்ட காரணம். வெளியே போனதற்கு எதிரே இன்னொரு கட்டம்: கடைசியாகச் சாப்பிட்ட வேளை எது. அதன்படிதான் கஞ்சிக் கணக்கு நேராகும். வில்லியம் ஒரு ஜனவரியில் இரவுச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார், காரணம், வேலையில்லை. ஆகஸ்டில், அறுப்பு தொடங்கும் சமயம், சொந்த விருப்பத்தின்பேரில் வெளியேறியிருக்கிறார். கடைசி வேளை என்ற கட்டத்தில் 'காலை' என்று இருக்கிறது.