உணவகத்தை அல்ல, மேசையைத் தேர்வு செய்யுங்கள்: சென்னையில் இருவராகச் சாப்பிடப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண நாளோ பிறந்த நாளோ, இருவருக்கும் ஒரே நாளில் அபூர்வமாகக் கிடைத்த லீவோ, 'இன்னைக்கு நல்ல இடமா போகலாம்' என்று கிளம்பினால் சென்னையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் நினைத்துப் போனது ஒன்று, நடந்தது ஒன்று என்று திரும்பி வரும் ஜோடிகள் நிறைய. நானும் என் மனைவியும் அப்படித் திரும்பியிருக்கிறோம்.

எங்கள் ஐந்தாவது கல்யாண நாளுக்கு ஒரு மொட்டைமாடி உணவகத்தில் பத்து நாள் முன்பே டேபிள் புக் செய்திருந்தேன். படத்தில் தொங்கும் விளக்குகள், பின்னால் ஊரே மின்னும் வெளிச்சம். போய் உட்கார்ந்தால் தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர். அவள் ஏதோ சொல்வாள், நான் 'என்ன?' என்பேன். திரும்பச் சொல்வாள். மூன்றாவது தடவை 'ஒண்ணுமில்ல, விடு' என்று தட்டைப் பார்க்கத் தொடங்குவாள். அந்த 'ஒண்ணுமில்ல, விடு' இன்னும் என் காதில் இருக்கிறது. சாப்பாட்டில் குறையில்லை, பரிமாறியவர்களிடமும் குறையில்லை. இரண்டு மணி நேரம் நாங்கள் உட்காரப் போகும் மேசை எப்படிப்பட்டது என்று மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

படத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். உணவகம் வெளியிடும் படம் ஆளில்லாத நேரத்தில், அகல லென்ஸ் வைத்து எடுத்தது. சத்தம் அதில் தெரியாது. ஏசி எந்தப் பக்கம் அடிக்கும், சமையலறைக் கதவு எங்கே திறக்கும் என்பதும் தெரியாது. கூகுள் மேப்பில் வாடிக்கையாளர்கள் போட்ட படங்களைத் தேடுங்கள், அதிலும் கூட்டமான ராத்திரியில் எடுத்தவற்றை. தரையெல்லாம் கல், சுவரெல்லாம் கண்ணாடி, மேலே வெறும் கான்கிரீட், திரைச்சீலை எதுவுமில்லை என்றால் அந்த அறை நிரம்பியதும் சத்தம் எங்கும் போகாமல் சுற்றிச் சுற்றி வரும். ஒரு மேசையில் குரலை உயர்த்தினால் பக்கத்து மேசையிலும் உயர்த்தித்தான் ஆக வேண்டும். மெத்தை வைத்த நாற்காலி, கனமான திரை, கம்பளம் இருக்கும் அறையில் இந்தத் தொல்லை குறைவு. விமர்சனங்களிலும் எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதை விட்டு 'சத்தம்', 'மியூசிக்' என்ற சொற்கள் வருகின்றனவா என்று பாருங்கள்.

அடுத்தது, ஆப்பில் 'இருவர்' என்று தட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவது. அங்கே போய்ச் சேரும் தகவல் அந்த எண்ணிக்கை மட்டும்தான். பெரிய மேசைகளைக் குடும்பங்களுக்கு ஒதுக்கியபின், மீதியிருக்கும் நடைபாதை ஓரமோ தூணின் மறைவோ கழிவறைக்குப் போகும் வழியோ இருவருக்கு வந்துவிடும். மாலை நான்கு, ஐந்து மணிக்கு, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போன் செய்யுங்கள். 'எங்க கல்யாண நாள் சார். ஸ்பீக்கருக்குத் தள்ளி, ஏசிக்கு நேரா இல்லாம, ஓரமா ஒரு டேபிள் குடுங்க' என்று கேட்டால் பெரும்பாலும் முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள். போனதும் அது பிடிக்கவில்லை என்றால், தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே மாற்றித் தரக் கேளுங்கள். ஏசி விஷயத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து ஆசையாக வந்தவர், சூப் வருவதற்குள் முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு கைகளை மடியில் ஒடுக்கிக்கொண்டால், அதற்குப் பிறகு அங்கே என்ன பேச்சு வரும்?

பருவத்தை மறந்துவிடுவதும் சென்னையில் பெரிய தவறு. மே மாத அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடி வேண்டாம், சூரியன் இறங்கிய பின்னும் தளம் அனலைக் கக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. திறந்தவெளியில் மேசை போட்டிருப்பவர்களிடம் 'மழை வந்தா உள்ளே இடம் இருக்குமா?' என்று முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். வெளியே உட்கார டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் நல்ல காலம். தோட்டத்து உணவகம் என்றால் அந்தி நேரத்துக் கொசுவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். காதலுக்கு ராத்திரிதான், மெழுகுவத்திதான் என்று யார் சொன்னது? ராயப்பேட்டை ஒயிட்ஸ் ரோட்டில் அமேதிஸ்ட் என்று ஒரு கஃபே இருக்கிறது. மரமும் கொடியும் சூழ்ந்த இடம். வார நாளில் காலை வேளையில் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், பின்னால் ஓடும் அண்ணா சாலையே மறந்துபோகும். அரை நாள் லீவு போட்டுவிட்டு, பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட கையோடு இருவரும் காபி குடிக்கப் போவதில் இருக்கும் சுகம் பல இரவு விருந்துகளில் கிடைக்காது என்பேன்.

பில்லைப் பற்றித் தெரியாமல் போவதும் மனதைக் கெடுக்கும். அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் ஜிஎஸ்டி 18 சதவீதம். தெருவில் தனியாக இருக்கும் உணவகத்தில் 5 சதவீதம். ஐந்தாயிரத்துக்குச் சாப்பிட்டால் ஓரிடத்தில் 900 ரூபாய் வரி, இன்னோரிடத்தில் 250. மெனுவில் இருக்கும் விலையில் பொதுவாக இது சேர்ந்திருக்காது. சேவைக் கட்டணம் வேறு, அது வரி அல்ல. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. இருந்தால் எடுக்கச் சொல்லலாம், அதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒயின் வேண்டும் என்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது பொதுவாக உரிமம் பெற்ற ஹோட்டல்களிலும் கிளப்களிலும்தான் கிடைக்கும். எவ்வளவு அழகான உணவகமாக இருந்தாலும் தனியாக இருந்தால் பழச்சாறுதான். வேட்டி கட்டிக்கொண்டு போகலாமா என்ற தயக்கமும் வேண்டாம். ஒரு கிளப்பில் உயர் நீதிமன்ற நீதிபதியையே வேட்டி கட்டியிருந்தார் என்று உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியபின், 2014-ல் தமிழக அரசு அதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது.

நம் வீடுகளுக்கே உரிய தவறு ஒன்று உண்டு, காலண்டரைப் பார்க்காமல் புக் செய்வது. கடல் உணவுக்குப் பெயர்போன இடத்தில் ஆசை ஆசையாக மேசை பிடித்திருப்பார். அன்றைக்கு அமாவாசை. அல்லது புரட்டாசி சனிக்கிழமை. கூட வந்தவர் ஒரு தயிர்சாதம் கிடைக்குமா என்று மெனுவைப் புரட்டிக்கொண்டிருப்பார். சர்ப்ரைஸ் கொடுக்கிறேன் என்று போகிறவர்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது. இடத்தை வேண்டுமானால் மறைத்து வையுங்கள், தேதியை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வகை வகையாக வரிசையில் பரிமாறும் இடங்களுக்கு இது இன்னும் முக்கியம். கிண்டி ஐடிசி கிராண்ட் சோழாவில் உள்ள ஆவர்த்தனாவில் தென்னிந்தியச் சாப்பாட்டையே 7 முதல் 13 வகைகள் வரை ஒவ்வொன்றாகக் கொண்டுவருவார்கள். தெளிந்த தக்காளி ரசத்தை மார்ட்டினிக் கோப்பையில் ஊற்றித் தருவது அங்கே பேர்போனது. சைவத்துக்குத் தனி வரிசை உண்டு. எது ஒத்துக்கொள்ளாது என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். நிதானமாகச் சாப்பிடும் இடம் என்பதால், பாட்டியிடம் விட்டு வந்த குழந்தை பத்து மணிக்கு அழும் என்று தெரிந்தால் வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

'கேண்டில் லைட் டின்னர் பேக்கேஜ்' எடுப்பவர்கள் அதில் என்னென்ன வருகிறது என்று விவரமாகக் கேளுங்கள். இதய வடிவப் பலூன், ரோஜா இதழ், கேக், போட்டோகிராபர் என்று நீளும் பட்டியலில் சமையல் கடைசியில் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கூட்டத்துக்கு நடுவில் கைதட்டி வாழ்த்துப் பாடுவது சிலருக்குச் சந்தோஷம், சிலருக்கு உடம்பே கூசும். கூட வருபவர் எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். பிப்ரவரி 14 அன்று வழக்கமான மெனுவை எடுத்துவிட்டு ஒரே விலையில் தனி மெனு வைக்கும் இடங்கள் உண்டு. சில நாள் தள்ளி ஒரு செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் போனால் அதே சமையல்காரர் உங்களுக்காக நிதானமாகச் சமைப்பார். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் பல சாலைகளில் போக்குவரத்தைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள், வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போகக்கூடிய இடமாகப் பாருங்கள். சிக்னலில் எரிச்சலோடு கழியும் நேரமும் அந்த மாலையில்தான் சேரும்.

கடலோர மேசையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மும்பை, கோவா படங்களைப் பார்த்த பழக்கத்தில் 'கடலில் சூரியன் மறைவதைப் பார்த்தபடி சாப்பிடலாம்' என்று கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஐந்து மணிக்கே ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்குக் கடல் கிழக்கே. சூரியன் முதுகுக்குப் பின்னால், சவுக்குத் தோப்புக்கும் கட்டடங்களுக்கும் அந்தப் பக்கம் இறங்கிவிடும். முன்னால் கடல் மெல்லக் கருத்து, ஏழரைக்கெல்லாம் அலைச்சத்தம் மட்டுமே மிஞ்சும்.

நம் கரைக்கென்று இருப்பது நிலா. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே கடலிலிருந்து நிலா எழும். வானம் அப்போது வெளுப்பாக இருப்பதால் கண்ணுக்கு அவ்வளவாக எடுபடாது. மறுநாள் முக்கால் மணி நேரம் போலத் தாமதமாக வரும், அதற்குள் இருட்டியிருக்கும். அதனால் பௌர்ணமிக்கு மறுநாள் போங்கள். 'கடல் தெரியும் மேசை' என்று பொதுவாகக் கேட்காமல், கடலைப் பார்த்து இரண்டு நாற்காலியும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட மேசை வேண்டும் என்று கேளுங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவர் சமையலறையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

போன மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் அப்படி ஒரு மேசை எங்களுக்குக் கிடைத்தது. ஏழு மணி தாண்டியதும் தண்ணீர் விளிம்பில் செம்பு நிறத்தில் ஒரு கீற்று, பிறகு பாதி, பிறகு முழுசாக. அவள் அவளுடைய அம்மா வீட்டுக் கிணற்றடியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். மீன் வறுவல் ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, 'எங்க விட்டேன்?' என்றாள். 'வாளி உள்ளே விழுந்துடுச்சு, உங்க தாத்தா பாதாளக் கரண்டி எடுக்கப் போனார்' என்றேன்.