வீடு கட்டும் மனையில் மேல்மண்ணைக் காக்கும் முறை

நகரை ஒட்டிய விளைநிலங்கள் மனைகளாக மாறுவதைத் தனியொருவர் தடுப்பது அரிது. ஆனால் அத்தகைய மனையில் வீடு கட்டுபவர் அங்குள்ள மேல்மண்ணை இழக்காமல் காக்க முடியும். மேலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் ஆழம் வரையிலான மண்ணில்தான் மட்கிய பொருளும் நுண்ணுயிர்களும் பெருமளவில் இருக்கின்றன. அதன் கீழுள்ள அடிமண் வேருக்குப் பிடிமானம் தருமே தவிர, ஊட்டம் தருவது குறைவு. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது இரண்டும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை என்பதால், பொக்லைன் வருவதற்கு முன்பே இதைத் திட்டமிட வேண்டும்.

முதலில் மனையில் முழங்கால் ஆழத்திற்கு ஒரு குழி வெட்டிப் பாருங்கள். செம்மண் நிலமானால் மேலே மங்கிய நிறமும் கீழே அடர்ந்த சிவப்பும் தெரியும். அந்த எல்லை வரை வழித்தெடுக்கலாம். கரிசலில் நிற மாற்றம் எளிதில் புலப்படாது. அங்கே எட்டு அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கட்டடம் எழும் இடத்திலும் வண்டிப்பாதையிலும் மட்டும் எடுத்தால் போதும். எடுக்கும் முன் கைப்பிடி மண்ணை அழுத்திப் பாருங்கள். உதிராமல் உருண்டையாகவே நின்றால் அது இன்னும் ஈரமாக இருக்கிறது, காயும் வரை காத்திருங்கள். ஈரக் கரிசலில் இயந்திரம் ஏறினால் மண் இறுகிப் பாளமாகிவிடும்.

ஆயிரம் சதுர அடியில் எட்டு அங்குலம் எடுத்தால் ஏறக்குறைய ஆறரை யூனிட் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி) மண் கிடைக்கும். தோண்டியபின் பொதபொதத்து எட்டு யூனிட் அளவுக்கு வரும். அதைக் குவிக்க முந்நூறு சதுர அடிக்குச் சற்றுக் கூடுதலான இடம் வேண்டும். ஐந்து சென்ட் மனையில் இது கடினமன்று. "இந்த மண்ணை நாங்களே இலவசமாக அகற்றிவிடுகிறோம்" என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வீடு முடிந்ததும் தோட்டத்துக்கென்று விலை கொடுத்து மண் வாங்குவது பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள். மேலும், தமிழ்நாட்டில் சாதாரண மண்ணும் சிறு கனிமமாகக் கருதப்படுவதால், லாரியில் வெளியே அனுப்பும் முன் உரிய அனுமதி பெற்றாக வேண்டும்.

குவியல் ஐந்தடிக்கு மேல் உயரக் கூடாது. உயர்ந்தால் உள்ளே காற்றின்றி நுண்ணுயிர்கள் மடியும். மரத்தின் அடியிலோ மழைநீர் ஓடும் தடத்திலோ அதைக் குவிக்காதீர்கள். வேலை சில மாதங்கள் நீளும் என்றால் அதன்மேல் பசுந்தாள் உரப் பயிர்களான சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்து, விதை முற்றுவதற்குள், பூக்கும் பருவத்திலேயே அறுத்து அங்கேயே பரப்புங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் அரித்துச் செல்லாதிருக்க, குவியலின் அடியைச் சுற்றி மண் நிரப்பிய சாக்குகளை அடுக்கலாம்.

கட்டுமானத்தின்போது மண்ணுக்கு நேரும் பெருங்கேடு பலர் கண்ணில் படுவதில்லை: அது இறுக்கம். செங்கல் லாரியும் கலவை இயந்திரமும் போய்வந்த இடத்தில் மழைநீர் இறங்காமல் தேங்கும். ஆகவே தோட்டத்துக்கென ஒதுக்கிய பகுதியைக் கயிறு கட்டி மறித்து, வண்டிகளுக்கு ஒரே பாதையைக் கொடுத்து, மேஸ்திரியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கலவையை இரும்புத் தகட்டின் மேல் போடச் செய்யுங்கள். கருவிகள் கழுவிய சிமெண்ட் நீர் கடுமையான காரத்தன்மை உடையது. அது பரவிய மண்ணில் இரும்பும் துத்தநாகமும் செடிக்கு எட்டாமல் போகும் என்பதால், கழுவுவதற்குத் தனிக் குழி வேண்டும்.

தாழ்ந்த நஞ்சை மனையைக் கிராவல் கொட்டி உயர்த்துவதானால், கொட்டும் முன்பே அதன் மேல்மண்ணை வழித்துக்கொள்ளுங்கள். மறந்தால் வளமான வண்டல் நிரந்தரமாகப் புதைந்துவிடும். புல வரைபடத்தில் (நில அளவை வரைபடம்) வாய்க்கால் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதை மூடினால் மேலேயுள்ள வயல்களில் நீர் வடியாது தேங்கி, நாளடைவில் உப்புப் படியும்.

வீடு முடிந்தபின் கலவைக் கட்டிகளையும் கல்துண்டுகளையும் பொறுக்கியெடுத்து, இறுகிய அடிமண்ணை ஓரடி ஆழம் கடப்பாரையால் நெகிழ்த்திய பிறகே சேமித்த மண்ணை இரு அடுக்காகப் பரப்புங்கள். மிதிக்கவோ உருளையால் அழுத்தவோ கூடாது. மண் பின்னர் சற்று அமரும் என்பதால் ஓரிரு அங்குலம் கூடுதலாக விடலாம். முற்றம் முழுவதும் கல் பதிக்காமல், வண்டி நிற்கும் இடத்தில் சக்கரத் தடங்களுக்கு மட்டும் பதியுங்கள். முதல் பருவத்தில் மரக்கன்று நடாமல் காராமணியையோ சணப்பையோ வளர்த்து மடக்கி உழுங்கள். கன்றுகளை அடுத்த பருவத்தில் நடலாம்.