சாம்ப்ளருக்கு சவுண்டு ரெடி பண்ண டூல் தேடுறப்ப நிறைய பேர் பண்ற தப்புகள்

ஹார்ட்வேர் சாம்ப்ளர் (ரெக்கார்ட் பண்ணின சின்ன சின்ன சத்தத்தை, அதாவது சாம்பிளை, ஏத்தி வாசிக்கிற மெஷின்) புதுசா வாங்கினவங்க மொதல்ல கேக்குறது "சாம்பிள் எடிட் பண்ண எந்த சாஃப்ட்வேர் பெஸ்ட்?"னுதான். மெஷின் பேரையே சொல்ல மாட்டாங்க. மேனுவல் கடைசில ஸ்பெக் பக்கம்னு ஒன்னு இருக்கும், எந்த சாம்பிள் ரேட் (ஒரு செகண்டுக்கு சத்தத்தை எத்தனை தடவ அளக்குது), எத்தனை பிட் (ஒவ்வொரு அளவையும் எவ்ளோ நுணுக்கமா எழுதுது), மோனோவா ஸ்டீரியோவா, மெமரி எவ்ளோ எல்லாம் அதுல இருக்கும், அதைப் பாக்காம டூல் தேடுறதுதான் பெரிய தப்பு, மத்த தப்பு பாதி இதுலேர்ந்து வர்றதுதான்.

ஏன்னா ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு மாதிரி. எலெக்ட்ரான் ஆக்டாட்ராக் 44.1 கிலோஹெர்ட்ஸ் மட்டும்தான். 48ல இருக்குற ஃபைலைப் போட்டா எர்ரர்லாம் காட்டாது, பாட்டுக்கு ஓடும், ஆனா சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் இறங்கி, கொஞ்சம் மெதுவா ஓடும், கேக்குறவர் "மெஷின்ல ஏதோ கோளாறு"ன்னு சர்வீஸ் சென்டர் தேட ஆரம்பிப்பார். அதே கம்பெனியோட டிஜிடாக்ட் (2017ல வந்த மொத மாடல்) 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. ஆனா அதுக்கு கம்பெனியே குடுக்குற ட்ரான்ஸ்ஃபர் ஆப் இருக்கு, அது தானாவே மாத்திக்கும். அப்படி இருக்குறப்ப நீங்க ஆடாசிட்டில (இலவச ஆடியோ எடிட்டர்) உக்காந்து எல்லாத்தையும் 44.1க்கு மாத்தி, அப்புறம் ஆப் அதை திரும்ப 48க்கு மாத்தினா, ஒரே ஃபைலை தேவையில்லாம ரெண்டு தடவ ரீசாம்பிள் பண்ணின மாதிரிதான். கம்பெனி ஆப் என்னென்ன பண்ணுதுன்னு மொதல்ல பாருங்க. அது பண்ற வேலைக்கு வேற டூல் வேண்டாம்.

அந்த ஆப் உங்ககிட்ட இருக்குற கம்ப்யூட்டர்ல ஓடுமான்னும் பாத்துக்கோங்க. டீனேஜ் இஞ்சினியரிங் ஈபி-133க்கு சாம்பிள் ஏத்துற டூல் பிரவுசர்லயே ஓடும், ஆனா அந்த பிரவுசர்ல வெப் மிடி (பிரவுசர் நேரா மெஷின்கூட பேசுற வசதி) இருக்கணும், க்ரோம்ல இருக்கு, சஃபாரில இல்ல.

அடுத்தது மெமரி கணக்கு. 44.1, 16 பிட், ஸ்டீரியோன்னா ஒரு நிமிஷத்துக்கு சுமார் 10 எம்பி, மோனோன்னா அதுல பாதி. டிஜிடாக்ட்ல ஒரு ப்ராஜெக்ட்டுக்கு 64 எம்பி, அதோட 48, 16 பிட், மோனோக்கு கணக்குப் போட்டா 11 நிமிஷத்துக்கு மேல கொஞ்சம். கோர்க் வோல்கா சாம்பிள் மொத மாடல்ல 100 சாம்பிள் வைக்கலாம்னு போட்டிருப்பான், ஆனா எல்லாம் சேத்து 65 செகண்டுதான், அதுவும் 31.25 கிலோஹெர்ட்ஸ். இந்த மாதிரி மெஷினுக்கு உங்களுக்கு வேண்டியது ஆயிரம் எஃபெக்ட் உள்ள எடிட்டர் இல்ல, வேகமா வெட்டி மொத்தமா மோனோ ஆக்கித் தர்ற ஒன்னு. 1987ல வந்த ஈமு எஸ்பி-1200ல மொத்தமே 10 செகண்டுதான், அதனால அப்போ ஹிப்ஹாப் பண்ணினவங்க 33 ஆர்பிஎம் ரெக்கார்டை 45ல ஓட்டி வேகமா ரெக்கார்ட் பண்ணி, மெஷினுக்குள்ள திரும்ப சுருதியை இறக்கிப்பாங்க. அந்தக் கால ஹிப்ஹாப்ல கேக்குற கரகரப்புக்கு இதுவும் ஒரு காரணம். இன்னைக்கு வோல்கால இதையே பண்ணணும்னா ஸ்பீடு மாத்துற வசதி (சுருதி மாறாம டைம் ஸ்ட்ரெச் பண்றது இல்ல, ரெண்டும் வேற) இருக்குற எந்த எடிட்டரும் போதும்.

மோனோ பத்தி ஒரு விஷயம். கிக், ஸ்நேர்னா பெரும்பாலும் பிரச்சினை இல்ல. ஆனா அகலமா விரிஞ்சு கேக்குற சிந்த் பேட் (நீளமா நின்னு ஒலிக்கிற சிந்தசைசர் சத்தம்), கோரஸ் போட்ட கிட்டார் எல்லாம் இடது வலது ரெண்டையும் கூட்டுனா ஒன்னை ஒன்னு அடிச்சுக்கிட்டு மெலிஞ்சு போயிடும். அதனால "ரெண்டையும் கூட்டு"ன்னு மட்டும் இல்லாம "இடது மட்டும் எடு"ன்னு சொல்ல முடியுற டூலா பாருங்க. சாக்ஸ்ல முடியும், எஃப்எஃப்எம்பெக்லயும் முடியும், ரெண்டும் இலவசம், ஆனா கமாண்டு அடிக்கணும்.

நார்மலைஸ் பட்டன்தான் அதிகமா நாசம் பண்றது, என்னைக் கேட்டா. மிருதங்கத்துல ஒரே "தொம்"மை மெதுவா, நடுத்தரமா, பலமான்னு மூணு விதமா வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி வெலாசிட்டி லேயரா (அடிக்கிற பலத்துக்கு ஏத்த சத்தம் வர்ற மாதிரி) வைக்கணும்னு ஆசைப்படுறோம், அப்புறம் பேட்ச் கன்வர்ட்டர்ல (பல ஃபைலை மொத்தமா மாத்துற டூல்) போட்டு நார்மலைஸ் டிக் பண்ணிடுறோம், மூணும் ஒரே உச்ச அளவுக்கு வந்து நிக்கும், மெதுவா வாசிச்சது கூட பலமா வாசிச்சது மாதிரி கத்தும், அதோட சேத்து ரூம்ல ஓடுன ஃபேன் சத்தமும் மேல வரும். வேண்டியது எல்லாத்துக்கும் ஒரே அளவு ஏத்தம். ஆடாசிட்டில ட்ராக்குகளை மொத்தமா செலக்ட் பண்ணி ஆம்ப்ளிஃபை குடுத்தா ஒரே அளவு ஏறும், நார்மலைஸ் குடுத்தா ஒவ்வொன்னும் தனித்தனியா ஏறும். ரெண்டும் ஒரே மெனுக்குள்ளதான் இருக்கும், அதான் குழப்பம்.

ஆட்டோ ட்ரிம்மும் கிட்டத்தட்ட இதே கதை. இந்த அளவுக்குக் கீழ போனா வெட்டுன்னு ஒரு கோடு போட்டு நூறு ஃபைலை ஓட விட்டா, மிருதங்கத்தோட இடது பக்கமான தொப்பில வர்ற கும்கி மாதிரி நீளமா இழுத்து அடங்குற சத்தத்தோட வால் பட்டுன்னு அறுந்துடும். முன்பக்கமும் அப்படித்தான், அடி விழறதுக்கு முன்னாடி வர்ற சின்ன விரல் உரசல் போயிடும். கோட்டை நாமளே மாத்த முடியணும், முன்ன பின்ன சில மில்லிசெகண்ட் விட்டு வெட்ட முடியணும், கடைசில ஃபேடு போட முடியணும். இது இல்லாத டூல் எவ்ளோ வேகமா இருந்தாலும் வேண்டாம். வெட்டுற இடம் அலை நடுக்கோட்டைத் தாண்டுற ஜீரோ கிராஸிங்ல இருந்தா "டிக்"குன்னு சத்தம் வராது, ஆடாசிட்டில இஸட் கீ அமுத்தினா செலக்ஷன் அங்க போய் ஒட்டிக்கும்.

எம்பி3யா வெச்சுக்கிட்டு லூப் பண்றவங்க இன்னும் இருக்காங்க. எம்பி3 ஆக்குற லேம் என்கோடர் ஆரம்பத்துல 576 சாம்பிள் (இங்க சாம்பிள்னா சத்தத்தோட ஒரு அளவுப் புள்ளி) சேக்கும், டிகோடர் பக்கம் 529, ரெண்டும் சேந்து 44.1ல சுமார் 25 மில்லிசெகண்ட் காலி இடம். சில சாஃப்ட்வேர் இதைக் கண்டுபிடிச்சு வெட்டிடும், சிலது வெட்டாது, வெட்டலைன்னா ஒவ்வொரு சுத்துக்கும் தாளம் தள்ளிப் போகும். நீங்களே ரெக்கார்ட் பண்றதா இருந்தா மொதல்லேர்ந்தே வேவ் ஃபைலா வெச்சுக்கோங்க.

வேவ் ஃபைல்லயும் ஒரு சிக்கல் இருக்கு, இது நிறைய பேருக்கு தெரியாது. சவுண்டுக்கு முன்னாடி ஃபைலோட தலைப்பகுதில டூல்கள் கூடுதலா சில தகவல் எழுதும். எஃப்எஃப்எம்பெக் தன்னோட பேரையே எழுதி வைக்கும், 24 பிட்டா இருந்தா தலைப்பையே வேற வகைல எழுதும். புது மெஷின்லாம் கண்டுக்காது, பழசு சிலது ஃபைலே தெரியலைன்னு சொல்லும், இல்லன்னா ஆரம்பத்துல ஒரு க்ளிக் குடுக்கும். எஃப்எஃப்எம்பெக்ல 16 பிட்ல பிட்எக்ஸாக்ட் ஆப்ஷன் போட்டு எழுதினா தலைப்பு சுத்தமா வரும்.

மெமரி கார்டு விஷயம் டூல் இல்லதான், ஆனா டூல் மேல பழி வர்றது இதனாலதான். 64 ஜிபி கார்டு கடையிலேர்ந்து எக்ஸ்ஃபேட் ஃபார்மட்லயே வரும், பல சாம்ப்ளர் ஃபேட்32தான் படிக்கும், அதனால 32 ஜிபியோ அதுக்குக் கம்மியோ வாங்கிட்டா தலைவலி இல்ல. மேக்ல காப்பி பண்ணினா புள்ளி, அண்டர்ஸ்கோர்ல ஆரம்பிக்கிற குட்டி ஃபைல் கூடவே போய் உக்காரும், சில மெஷின் அதையும் சாம்பிள்னு லிஸ்ட்ல காட்டும், டாட் க்ளீன் கமாண்டு ஒன்னு ஓட்டினா போதும்.

பேர் வைக்கிறப்ப தமிழ் எழுத்து வேண்டாம், சின்ன திரை உள்ள மெஷின் பலதுல ஆங்கில எழுத்தும் நம்பரும்தான் சரியா தெரியும். வித்தியாசம் காட்டுற வார்த்தை முன்னாடி இருக்கட்டும். சாம்பிள் பேக்ல (தொகுத்து வர்ற சத்தங்கள்) வர்ற ஃபைல்ல மொதல் இருபது எழுத்து கம்பெனி பேரா இருக்கும், திரையில எல்லாம் ஒரே மாதிரி தெரியும், அதனால மொத்தமா பேர் மாத்துற டூல் ஒன்னு கையில இருக்கணும்.

கடைசியா, மொத்த லைப்ரரியையும் ஒரே ராத்திரில கன்வர்ட் பண்ணாதீங்க. ஒரு கிக், ஒரு நீளமான லூப், ஒரு ஸ்டீரியோ பேட், சுருதி தெரிஞ்ச ஒரு நோட்டு, இந்த நாலை மட்டும் மாத்தி மெஷின்ல போட்டு கேளுங்க, நோட்டை ட்யூனர்ல வெச்சுப் பாருங்க. சரியா இருந்தா மீதியை ஓட விடுங்க, அதுவும் தனி ஃபோல்டர்ல எழுதுற மாதிரி செட் பண்ணிட்டு, ஏன்னா சில பேட்ச் டூல் ஒரிஜினல் மேலயே எழுதிடும், 24 பிட் ஸ்டீரியோல இருந்தது 16 பிட் மோனோவா ஆனப்புறம் திரும்ப கிடைக்காது.